18446744073709551615: சதுரங்கப் பலகையில் விளைந்த எண்ணின் உட்கூறு

விரிதாள் செயலி ஒன்றைத் திறந்து, ஒரு கட்டத்தில் 18446744073709551615 என்று தட்டி, அதை முழு எண்ணாகக் காட்டச் சொன்னால் பெரும்பாலும் திரையில் வருவது 18446744073709500000. பதினைந்து இலக்கங்களுக்கு மேல் துல்லியமாக வைத்துக்கொள்ளத் தெரியாத செயலி, கடைசி ஐந்து இலக்கங்களையும் ஓசையில்லாமல் பூச்சியமாக்கிவிடுகிறது. இணைய உலாவிகளில் இயங்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியிடம் கொடுத்தால், 18446744073709552000 என்று எழுதிக் காட்டும். முன்னதில் 51,615 குறைகிறது. பின்னதில் 385 கூடுகிறது. இத்தனைக்கும் இது கணினிக்கு அந்நியமான எண் அல்ல. இன்றைய கணினிகள் ஒரே மூச்சில் கையாளும் முழு எண்களில் மிகப் பெரியது இதுதான்.

நம் எண்முறையில் இதை வாய்விட்டுப் படிக்கலாம்: ஒரு லட்சத்து எண்பத்து நான்காயிரத்து நானூற்று அறுபத்தேழு கோடி கோடியே, நாற்பத்து நான்கு லட்சத்து ஏழாயிரத்து முந்நூற்று எழுபது கோடியே, தொண்ணூற்றைந்து லட்சத்து ஐம்பத்தோராயிரத்து அறுநூற்றுப் பதினைந்து. சுருக்கமாக எழுதினால் 2⁶⁴ − 1. இரண்டை அறுபத்து நான்கு முறை எழுதிப் பெருக்கி, வந்த விடையில் ஒன்றைக் கழித்தால் கிடைப்பது.

இந்த எண்ணைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் அதன் பிரம்மாண்டத்தைப் பற்றியே பேசுகிறார்கள். பெரிய எண் என்பதில் என்ன இருக்கிறது, கூட ஒன்றைச் சேர்த்தால் அதைவிடப் பெரிய எண் கிடைத்துவிடும். இதன் உண்மையான சுவை, இது எப்படித் துண்டு துண்டாகப் பிரிகிறது என்பதிலும், அந்தத் துண்டுகளில் கடைசி ஒன்றில் மட்டும் ஒரு மேதையின் கணிப்பு எப்படித் தவறிப்போனது என்பதிலும் இருக்கிறது என்பது என் எண்ணம். ஆனாலும் பலகையிலிருந்துதான் தொடங்க வேண்டும், ஏனென்றால் துண்டுகள் பலகையிலேயே தெரிகின்றன.

கதை எல்லாருக்கும் தெரிந்ததே. சதுரங்கத்தின் முதல் கட்டத்தில் ஒரு தானியம், இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் நான்கு என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் இரட்டிப்பாக 64 கட்டங்களையும் நிரப்பித் தரும்படி அரசனிடம் கேட்டவனின் கதை. கேரளத்தில் அம்பலப்புழைக் கோயிலின் பால் பாயசத்துக்கும் இதே கணக்கைத்தான் காரணமாகச் சொல்வார்கள். அங்கே கேட்டவன் கிழவர் வேடத்தில் வந்த கிருஷ்ணன், கடனை ஒரே தவணையில் தீர்க்க முடியாத அரசன் வருகிற அடியார்களுக்கெல்லாம் பாயசம் கொடுத்துக்கொண்டே இருக்கிறான். கதையை விட்டுக் கணக்குக்கு வந்தால், கி.பி. 1000-ஐ ஒட்டி எழுதிய பாரசீக அறிஞர் அல்-பிரூனி இந்தக் கூட்டுத்தொகையை இருபது இலக்கங்களும் பிசகாமல் எழுதி வைத்திருக்கிறார்.

அவர் அறுபத்து நான்கு எண்களை வரிசையாக எழுதிக் கூட்டவில்லை. ஒரு கட்டத்திலுள்ள எண்ணை அதே எண்ணால் பெருக்கினால், முதல் கட்டத்திலிருந்து அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அதே அளவு இன்னும் தள்ளியிருக்கும் கட்டத்தின் எண் கிடைக்கும் என்பது அவர் கையாண்ட விதி. ஐந்தாம் கட்டத்தில் 16 இருக்கிறது. 16-ஐ வர்க்கப்படுத்தினால் 256, அது ஒன்பதாம் கட்டத்துக்குரியது. அதை வர்க்கப்படுத்தினால் 65536, பதினேழாம் கட்டம். அடுத்து 4294967296, முப்பத்து மூன்றாம் கட்டம். இன்னும் ஒரு வர்க்கம் எடுத்தால் பலகையில் இல்லாத அறுபத்தைந்தாம் கட்டத்தின் எண் வந்துவிடும். அதில் ஒன்றைக் கழித்தால் பலகையின் மொத்தம். இரண்டில் தொடங்கி ஆறே வர்க்கங்கள். செய்யுளின் குறில் நெடில் அமைப்புகளை எண்ணுவதற்காகப் பிங்கலர் தம் சந்தஸ் நூலில் சொன்ன வழியும் இந்த வகையைச் சேர்ந்ததுதான்: அடுக்கைப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டு போய், திரும்பி வரும்போது வர்க்கப்படுத்திக்கொண்டே வருவது. இந்த ஆறு வர்க்கங்களை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். எண்ணைக் கட்டிய அதே ஆறு படிகளில்தான் அது உடையவும் போகிறது.

அளவைப் பற்றியும் ஒரு கணக்கைச் சொல்லிவிட்டுக் கடந்துவிடலாம். ஒரு கிராமுக்கு ஐம்பது அரிசி என்று வைத்துக்கொண்டால், பலகையின் முதல் வரிசையான எட்டுக் கட்டங்களில் மொத்தம் 255 அரிசி, அதாவது ஐந்து கிராம், ஒரு தேக்கரண்டி. இரண்டாம் வரிசை முடியும்போது 1.3 கிலோ. மூன்றாம் வரிசை முடியும்போது சுமார் 335 கிலோ. நான்காம் வரிசையோடு பாதிப் பலகை முடிகிறது. அப்போது சேர்ந்திருப்பது ஏறத்தாழ 86 டன், அதாவது 25 கிலோ சிப்பமாகக் கட்டினால் மூவாயிரத்து நானூற்றுச் சொச்சம் சிப்பங்கள், பத்து டன் ஏற்றும் லாரிகளில் ஒன்பது. அரசன் முகம் சுளித்தாலும் கொடுத்துவிடக்கூடிய அளவுதான். மீதிப் பாதியும் நிறையும்போது 36,893 கோடி டன் ஆகிறது. உலகம் முழுவதும் ஓர் ஆண்டில் விளையும் அரிசியைச் சுமார் 50 கோடி டன் என்று கொண்டால், எழுநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட விளைச்சல்.

இதே எண்ணுக்கு இன்னொரு புகழும் உண்டு. 1883-இல் பிரெஞ்சுக் கணிதர் எத்வார் லூகா, மூன்று கம்பங்களும் சில வட்டுகளும் கொண்ட ஒரு புதிரை ஹனோய் கோபுரம் என்ற பெயரில் வெளியிட்டார். ஒரு நேரத்தில் ஒரு வட்டைத்தான் நகர்த்தலாம், சிறியதன் மேல் பெரியதை வைக்கக் கூடாது. கூடவே ஒரு கதையும் பரவியது: காசியில் ஒரு கோயிலில் 64 பொன் வட்டுகளை ஒரு கம்பத்திலிருந்து இன்னொரு கம்பத்துக்குப் பூசாரிகள் இடைவிடாமல் மாற்றிக்கொண்டிருக்கிறார்களாம், அது முடியும்போது உலகமும் முடியுமாம். காசியில் அப்படியொரு கோயில் இருந்ததில்லை. விற்பனைக்காகக் கட்டிய கதை. ஆனால் கணக்கு சரியானது. மிகப் பெரிய வட்டு ஒரே முறை நகர்ந்தால் போதும், அதற்கு மேலுள்ளது இரண்டு முறை, அடுத்தது நான்கு முறை என்று போய், மேலே இருக்கும் மிகச் சிறிய வட்டு 2⁶³ முறை நகர வேண்டியிருக்கிறது. சதுரங்கப் பலகையை நிமிர்த்தி வைத்தால் ஹனோய் கோபுரம், அவ்வளவுதான். நொடிக்கு ஒரு நகர்வு என்றால் சுமார் 58,450 கோடி ஆண்டுகள் ஆகும்; பிரபஞ்சத்தின் வயதாக இன்று சொல்லப்படும் 1,380 கோடி ஆண்டுகளைப் போல நாற்பத்திரண்டு மடங்கு. லூகாவின் பெயர் இந்தக் கட்டுரையில் மறுபடியும் வரும், அப்போது விளையாட்டுக்காக அல்ல.

இரும எண்முறையில் எழுதினால் இந்த எண்ணுக்கு ஒரே முகம்தான்: வரிசையாக அறுபத்து நான்கு ஒன்றுகள், நடுவில் ஒரு பூச்சியமும் இல்லை. அறுபத்து நான்கு விளக்குகள் கொண்ட பலகையில் எல்லா விளக்குகளும் எரிகின்றன என்று கொள்ளலாம். அதில் இன்னும் ஒன்றைக் கூட்டினால் வாகனத்தின் கிலோமீட்டர் மானி 99999-க்குப் பிறகு திரும்புவது போல எல்லாம் அணைந்து பூச்சியம் ஆகிவிடும். ஒன்றைக் கூட்டினால் பூச்சியம் ஆகிற எண்ணை நாம் சாதாரணமாக என்னவென்று அழைப்போம்? கழித்தல் ஒன்று என்றுதான். எனவே கணினியின் 64 பிட் கணக்கில் −1 என்ற எண்ணும் 18446744073709551615 என்ற எண்ணும் ஒரே விளக்கு அமைப்பைப் பகிர்ந்துகொள்கின்றன. எதிர்ம எண்களை அனுமதிக்கிறோமா இல்லையா என்பதைப் பொறுத்து அது ஒன்றாகவோ மற்றொன்றாகவோ படிக்கப்படும். சி++ மொழியில் ஒரு சொல்லுக்குள் ஓர் எழுத்தைத் தேடி அது இல்லாதபோது திரும்பி வரும் மதிப்பு, 64 பிட் இயந்திரங்களில் வழக்கமாக இதுவே. இரவு நேரத்தில் ஒரு பதிவேட்டுக் கோப்பில் ‘மீதமுள்ள கோப்புகள்: 18446744073709551615’ என்ற வரியைப் பார்த்து நான் ஒருமுறை திகைத்திருக்கிறேன். கோப்புகள் தீர்ந்துபோய்ப் பூச்சியத்தில் நின்ற எண்ணியிலிருந்து யாரோ இன்னும் ஒன்றைக் கழித்திருந்தார்கள். அந்த யாரோ நான்தான் என்பது மறுநாள் தெரிந்தது.

இனி எண்ணை உடைப்போம். பலகையை நடுவே இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். இரண்டாம் பாதியின் ஒவ்வொரு கட்டமும் முதல் பாதியில் அதற்கு இணையான கட்டத்தைப் போல 2³² மடங்கு. ஆகவே முழுப் பலகை என்பது முதல் பாதியும், அதைப் போல 4294967296 மடங்கும் சேர்ந்தது. அதாவது முதல் பாதியைப் போல 4294967297 மடங்கு. ஒரு கூட்டல் கணக்கு பெருக்கல் கணக்காக மாறிவிட்டது. முதல் பாதியை மறுபடியும் நடுவே பிரித்தால் அதே தந்திரம்: முதல் 32 கட்டங்கள், முதல் 16 கட்டங்களைப் போல 65537 மடங்கு. அந்தப் 16 கட்டங்கள், முதல் 8 கட்டங்களைப் போல 257 மடங்கு. 8 கட்டங்கள் முதல் 4 கட்டங்களைப் போல 17 மடங்கு. 4 கட்டங்கள் முதல் 2 கட்டங்களைப் போல 5 மடங்கு. முதல் 2 கட்டங்களில் இருப்பது 3. பள்ளியில் படித்த வர்க்கங்களின் வித்தியாசம் என்ற சூத்திரத்தை ஆறு முறை பயன்படுத்தியதும் இதுதான். பலகையில் பார்க்கும்போது சூத்திரம் தேவைப்படவில்லை. 64 என்பது தானே இரண்டின் அடுக்கு என்பதால்தான் ஒரு கட்டம்கூட மிஞ்சாமல் பாதி பாதியாகப் பிரிந்துகொண்டே வர முடிந்தது. எனவே,

18446744073709551615 = 3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297.

இருபது இலக்க எண் ஒன்றைக் காகிதமும் பேனாவும்கூட இல்லாமல் ஆறு துண்டுகளாக்கிவிட்டோம். இந்தத் துண்டுகளின் வரிசையில் கண் வைத்த முதல் பெரிய கணிதர் பியர் டி ஃபெர்மா. 1640-இல் எழுதிய கடிதங்களில் அவர் இவற்றைப் பட்டியலிட்டு, 2-ஐ அடுத்தடுத்து வர்க்கப்படுத்தி ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டினால் வருகிற இந்த வகை எண்கள் எல்லாமே பகா எண்கள் என்று தாம் நம்புவதாகச் சொன்னார். 3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்தும் பகா எண்களே. ஆறாவதையும் அதற்கு மேலுள்ளவற்றையும் பற்றி அவரிடம் நிரூபணம் இல்லை, நம்பிக்கை மட்டுமே இருந்தது. இன்று இவற்றுக்கு ஃபெர்மா எண்கள் என்றே பெயர்.

நிரூபணமில்லாத அந்த நம்பிக்கை தொண்ணூறு ஆண்டுகள் அப்படியே கிடந்தது. 1729 டிசம்பரில் கணிதர் கோல்ட்பாக் தம் இளம் நண்பரும் கணிதருமான ஆய்லருக்கு எழுதிய கடிதத்தின் பின்குறிப்பில், ஃபெர்மாவின் இந்தக் கூற்று உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். (ராமானுஜன் எண்ணை ஆண்டாகக் கொண்ட கடிதம் என்பது தற்செயல்தான், ஆனாலும் தமிழ் வாசகர் ஒரு கணம் நிற்காமல் போக முடியாது.) ஆய்லர் முதலில் பெரிதாக ஆர்வம் காட்டவில்லை. 1732-இல் அவர் விடை தந்தார்: 4294967297 பகா எண் அல்ல, 641-ஆல் மீதியின்றி வகுபடும், ஈவு 6700417.

641 வானத்திலிருந்து விழுந்த எண் அல்ல. அதை எப்படிக் குறி வைக்கலாம் என்பதில்தான் இந்த விஷயத்தின் அழகு இருக்கிறது. ஏதோ ஒரு பகா எண் 2³² + 1-ஐ மீதியின்றி வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அந்த எண்ணால் 2³²-ஐ வகுக்கும்போது மீதி −1, அதாவது மீதியின்றி வகுபட ஒன்று குறைகிறது; அதன் வர்க்கமான 2⁶⁴-ஐ வகுக்கும்போது மீதி 1. இரண்டின் அடுக்குகளில் மீதி 1 என்று முதன்முதலாக வருவது அறுபத்து நான்காம் அடுக்கில்தான், அதற்கு முன்பு அல்ல. ஃபெர்மாவே 1640-இல் கண்டு சொன்ன சிறிய தேற்றத்தின்படி, அப்போது அந்தப் பகா எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்தால் வருவது 64-ஆல் வகுபட வேண்டும். ஆக, தேட வேண்டியவை 64-இன் மடங்கை விட ஒன்று கூடிய பகா எண்கள் மட்டுமே: 193, 257, 449, 577, 641. ஐந்தாவது முயற்சியில் பூட்டு திறந்துவிடுகிறது. ஃபெர்மாவின் கையிலேயே சாவி இருந்தது. அவர் ஐந்து வகுத்தல்களைச் செய்து பார்க்கவில்லை, அல்லது செய்து எங்கோ பிசகிவிட்டார். எது நடந்திருந்தாலும், சொந்தத் தேற்றமே சொந்த ஊகத்தை முறியடித்த இந்த நிகழ்வுக்கு ஈடாகக் கணித வரலாற்றில் அதிகம் சொல்ல முடியாது.

641-ஆல் வகுபடுவதைப் பெரிய வகுத்தல் எதுவும் செய்யாமல் காட்டவும் ஒரு வழி உண்டு. 641 என்பதை 640 + 1, அதாவது 5 × 2⁷ + 1 என்று எழுதலாம். 625 + 16, அதாவது 5⁴ + 2⁴ என்றும் எழுதலாம். முதல் வடிவத்தின்படி, 641-ஆல் வகுக்கும்போது 5 × 2⁷ என்பதும் −1 என்பதும் ஒரே மீதியைத் தருகின்றன. இரண்டையும் நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால், மீதியைப் பொறுத்தவரை 5⁴ × 2²⁸ என்பது 1-க்குச் சமம் ஆகிறது. இரண்டாம் வடிவத்தின்படி 5⁴-க்குப் பதிலாக −2⁴ என்று வைக்கலாம். வைத்தால் −2³² என்பது 1-க்குச் சமம்; அதாவது 2³² + 1 மீதியின்றி வகுபடுகிறது. நான்கு வரிகளில் முடிந்துபோகிற இந்த நிரூபணத்தைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினால், கணக்கென்றாலே கடைசி பெஞ்சுக்குப் போகிற பிள்ளையும் நிமிர்ந்து உட்காரும்.

லூகா இரண்டாம் முறையாக வருவது இங்கேதான். 1878-இல் அவர் ஆய்லரின் நிபந்தனையை இன்னும் இறுக்கினார்: இந்த எண்ணின் காரணிகள் 64-இன் மடங்கை விட ஒன்று கூடியவையாக இருந்தால் போதாது, 128-இன் மடங்கை விட ஒன்று கூடியவையாக இருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் 641-க்கு முன்னால் நிற்கும் ஒரே பகா எண் 257. அதுவோ நம் வரிசையிலேயே ஏற்கெனவே இருக்கிறது. ஃபெர்மா எண்கள் எந்த இரண்டுக்கும் பொதுக் காரணி கிடையாது என்பதால் அது தானாகவே விலகிவிடும். ஆக, சோதிக்க வேண்டிய முதல் எண்ணே 641. மீதமிருக்கும் 6700417 பகா எண்தானா என்பதையும் இதே சல்லடை சொல்லிவிடும். அதன் வர்க்கமூலம் 2588-ஐ ஒட்டியது. அந்த எல்லைக்குள் 257-ஐத் தவிர்த்து சல்லடையில் தங்கும் பகா எண்கள் 641, 769, 1153, 1409 ஆகிய நான்கே. மீதிகள் முறையே 44, 120, 334, 622. எதுவும் வகுக்கவில்லை, எனவே அது பகா எண். ஏழு இலக்க எண் ஒன்று பகா எண் என்பதற்கு நான்கு வகுத்தல்கள் சாட்சி.

இப்போது முழுக் காரணிப்படுத்தலை எழுதலாம்: 3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417. ஏழும் வெவ்வேறு பகா எண்கள், எதுவும் இரண்டு முறை வரவில்லை. எந்த இரண்டு ஃபெர்மா எண்ணுக்கும் பொதுக் காரணி இல்லை என்று மேலே சொன்னதற்குக் காரணம் கோல்ட்பாக் கண்டது: இந்த வரிசையில் ஒவ்வோர் எண்ணும், தனக்கு முன்னுள்ள எல்லாவற்றின் பெருக்கலையும் விட இரண்டு கூடுதல். 3 × 5 = 15, அடுத்த எண் 17; 15 × 17 = 255, அடுத்த எண் 257. பொதுக் காரணி ஒன்று இருந்தால் அது அந்தக் கூடுதலான 2 என்ற எண்ணையும் வகுக்க வேண்டும். எல்லாமே ஒற்றைப்படை எண்கள் என்பதால் அது முடியாது. ஏழு காரணிகளில் ஒவ்வொன்றையும் எடுக்கலாம் அல்லது விடலாம் என்பதால் நம் எண்ணுக்கு 128 வகுஎண்கள். தன்னைத் தவிர்த்த மற்ற 127-ஐயும் கூட்டினால் அதன் மதிப்பில் ஏறத்தாழ 70 விழுக்காடுதான் வரும். எனவே பழைய கிரேக்க வகைப்பாட்டின்படி இது குறைவு எண்.

ஃபெர்மாவின் தவறு எண்ணின் மேல் எங்கெல்லாம் தழும்பாகத் தெரிகிறது என்று பார்ப்பது இன்னும் சுவையானது. பலகையின் முதல் 2 கட்டங்களின் மொத்தம் 3. அதற்குள் அதனோடு பொதுக் காரணி இல்லாத எண்கள் 1, 2 என இரண்டு. முதல் 4 கட்டங்களின் மொத்தம் 15. அதனோடு பொதுக் காரணி இல்லாதவை எட்டு. 255-க்கு 128. 65535-க்கு 32768. 4294967295-க்கு 2147483648. ஒவ்வொரு முறையும் எண்ணோடு ஒன்றைக் கூட்டிப் பாதியாக்கினால் வருவது அச்சுப் பிசகாமல் கிடைக்கிறது. ஆறாவது துண்டும் பகா எண்ணாக இருந்திருந்தால், முழுப் பலகைக்கும் இந்த விடை 2⁶³ என்று வந்து வரிசை தொடர்ந்திருக்கும். ஆனால் 641 நடுவே புகுந்துவிட்டதால் உண்மையான எண்ணிக்கை 2⁶³-ஐ விடப் பத்தாயிரத்தில் சுமார் பதினாறு பங்கு குறைவு. ஐந்து படிகள் ஒழுங்காக வந்த இசை, சரியாக இந்த எண்ணில் சுருதி விலகுகிறது.

வடிவியலிலும் அதே தழும்பு. 1796-இல் ஜெர்மானியக் கணிதர் காஸ், தம் பதினெட்டாம் வயதில், அளவுகோலும் கவராயமும் மட்டுமே கொண்டு ஒழுங்கான பதினேழு பக்க உருவத்தை வரைய முடியும் என்று காட்டினார். ஒற்றைப்படை எண்ணிக்கையில் பக்கங்கள் கொண்ட ஒழுங்கான பலகோணத்தை அப்படி வரைய வேண்டுமானால், பக்க எண்ணிக்கை ஒரு ஃபெர்மா பகா எண்ணாகவோ, வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கலாகவோ இருக்க வேண்டும். வேறு எதுவும் ஆகாது என்பதை 1837-இல் பிரெஞ்சுக் கணிதர் வான்ட்செல் உறுதிசெய்தார். பாதிப் பலகையின் மொத்தமான 4294967295 இந்த நிபந்தனையை நிறைவேற்றுகிறது. இன்றுவரை தெரிந்த அளவில், இப்படி வரையக்கூடிய ஒற்றைப்படைப் பக்கப் பலகோணங்களில் மிகப் பெரியது அதுவே. முழுப் பலகையின் மொத்தமோ 641-ஆலும் 6700417-ஆலும் தோற்றுப்போகிறது. வரைய முடியும் என்பது ஏட்டளவில்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 65537 பக்க உருவத்துக்கான வழியை மட்டும் எழுதி முடிக்க ஹெர்மஸ் என்ற ஜெர்மானியருக்குப் பத்தாண்டுகள் பிடித்தன. 1894-இல் அவர் முடித்துக் கொடுத்த கையெழுத்துப் படி ஒரு பெட்டியில் வைத்து கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் காக்கப்படுகிறது.

அரிசிமணிகளைத் தரையில் வடிவமாக அடுக்கிப் பார்க்கும் ஆசை யாருக்காவது வந்தால், அதற்கும் விடை இருக்கிறது. சதுரமாக அடுக்க முடியாது. ஒரே ஒரு மணி குறைகிறது, ஏனென்றால் 2⁶⁴ என்பது 2³²-இன் வர்க்கம். ஒரு மணி, இரண்டு மணி, மூன்று மணி என்று வரிசைகளைக் கூட்டிக்கொண்டே போய் முக்கோணமாக அடுக்கலாமா என்றால், இங்கே கும்பகோணத்துக்காரர் ஒருவரிடம் போக வேண்டியிருக்கிறது. 1913-இல் இந்தியக் கணிதச் சங்கத்தின் இதழில் ராமானுஜன் ஒரு கேள்வியை வெளியிட்டார்: இரண்டின் அடுக்கிலிருந்து ஏழைக் கழித்தால் முழு வர்க்கம் வருவது 3, 4, 5, 7, 15 ஆகிய அடுக்குகளில் நடக்கிறது, வேறெங்காவது நடக்குமா என்பது கேள்வி. பதினைந்தாம் அடுக்கில் 32768-இலிருந்து ஏழு போனால் 32761, அது 181-இன் வர்க்கம். வேறெங்கும் நடக்காது என்பதை 1948-இல் நார்வேக்காரர் நாகெல் நிரூபித்தார். ஓர் எண்ணை முக்கோணமாக அடுக்க முடியுமானால், அதை எட்டால் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் முழு வர்க்கம் வர வேண்டும். நம் எண்ணுக்கு அப்படிச் செய்தால் கிடைப்பது 2⁶⁷ − 7. ராமானுஜனின் பட்டியலில் 67 இல்லை. சதுரங்கப் பலகையின் முதல் சில கட்டங்களை நிரப்பி மொத்தத்தை முக்கோணமாக அடுக்கக்கூடிய இடங்கள் நான்கே: 1, 3, 15, 4095.

ஒரு சதுரம் போதாது என்றால் எத்தனை சதுரங்கள் வேண்டும்? எந்த வர்க்க எண்ணையும் எட்டால் வகுத்தால் மீதி 0, 1, 4 என்ற மூன்றில் ஒன்றுதான். நம் எண் மூன்று ஒன்றுகளில் முடிகிற இரும எண் என்பதால் எட்டால் வகுத்தால் மீதி 7. 0, 1, 4 ஆகியவற்றில் மூன்றை எப்படிச் சேர்த்தாலும் 7 வராது. எனவே குறைந்தது நான்கு சதுரங்கள் தேவை. எந்த எண்ணுக்கும் நான்கு போதும் என்பது லக்ராஞ்ச் 1770-இல் நிறுவியது. ஆக, சரியாக நான்கு.

இவ்வளவும் எளிதாக வந்ததற்கு எண்ணின் அமைப்பே காரணம், எண்ணின் அளவு எந்த விதத்திலும் தடையாக இல்லை என்பதை அதன் அக்கம்பக்கத்தைப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம். பலகையில் 64-க்குப் பதில் 61 கட்டங்கள் இருந்திருந்தால் மொத்தம் 2305843009213693951. அதை எட்டால் பெருக்கி ஏழைக் கூட்டினால் நம் எண். அளவில் ஓர் இலக்கம்தான் குறைவு, ஆனால் அது உடையவே உடையாது. அது பகா எண் என்பதை, லூகா ஹனோய் கோபுரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்த அதே 1883-இல், ரஷ்யப் பாதிரியார் இவான் பெர்வூஷின் காட்டினார். மறுபுறம், நம் எண்ணை எட்டால் பெருக்கி ஏழைக் கூட்டினால் 67 கட்டங்களின் மொத்தம், 147573952589676412927. இது பகு எண் என்பதை லூகா 1876-இலேயே நிறுவிவிட்டார், ஆனால் காரணி எதையும் காட்டாமல். 1903-இல் அமெரிக்கர் ஃபிராங்க் கோல் அதை 193707721 × 761838257287 என்று உடைத்தார். கூட்டத்தில் ஒரு வார்த்தையும் பேசாமல் பலகையில் பெருக்கிக் காட்டிவிட்டு உட்கார்ந்தார் என்றும், இதற்கு மூன்று ஆண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகள் செலவாயின என்று பின்னர் சொன்னார் என்றும் ஒரு கதை உண்டு. 61, 67 இரண்டும் பகா எண்கள் என்பதால் அந்தப் பலகைகளை நடுவே மடிக்க வழியில்லை.

இன்னும் நெருக்கமான அண்டை வீட்டுக்காரர் ஒருவர் இருக்கிறார். நம் எண்ணோடு இரண்டைக் கூட்டினால் 18446744073709551617, அதாவது 2⁶⁴ + 1. கோல்ட்பாக் கண்ட விதிப்படி வரிசையில் அடுத்த ஃபெர்மா எண் இதுதான். நாம் கண்ட ஏழு பகா எண்களில் ஒன்றும் இதற்குள் நுழைய முடியாது. கழித்தல் குறி கூட்டலாக மாறிவிட்டதால் பலகையை மடிக்கும் தந்திரமும் செல்லாது. ஆய்லர் முந்தைய எண்ணை உடைத்து நூறாண்டுகளுக்கு மேல் இது உடையாமல் நின்றது. 1855-இல் வானியலாளர் தாமஸ் கிளாசன் காஸுக்கு எழுதிய கடிதத்தில் இதன் இரண்டு காரணிகளையும் தந்திருந்தார், ஆனால் அந்தக் கடிதம் வெளியுலகத்தின் கண்ணில் படாமல் நெடுங்காலம் கிடந்தது. உலகம் அறிந்தது 1880-இல், எண்பத்திரண்டு வயதான பிரெஞ்சுக்காரர் ஃபார்ச்யூனே லாண்ட்ரி அதை 274177 × 67280421310721 என்று உடைத்தபோதுதான். 274177-இலிருந்து ஒன்றைக் கழித்தால் 1071 × 256. லூகா இரண்டாண்டுகளுக்கு முன்பு சொன்ன சல்லடை இந்த எண்ணுக்கு 256-இன் மடங்குகளைத்தான் கேட்கிறது. பொறுமையோடு ஒவ்வொன்றாக வகுத்துக்கொண்டு வருகிற எவரும் 1071-ஆவது வகுத்தலில் அங்கே வந்து சேர்ந்திருப்பார்.